புலம்பெயர்பவரின் வாகனம்



வெளிநாட்டில் குடியேறப் புறப்படும் ஒரு குடும்பம், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்று கணக்குப் பார்க்கும்போது கடைசியில் வாகனத்தில் வந்து நிற்கும். துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிவிடலாம். பாத்திரங்களை உறவினர்களுக்குக் கொடுத்துவிடலாம். வாசலில் நிற்கும் வண்டியை என்ன செய்வது? அதை வாங்கப் பல மாதங்கள் தவணை கட்டியிருப்போம். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது அதில்தான் மருத்துவமனைக்கு விரைந்திருப்போம். ஜும்ஆவுக்கும் ஜனாஸாவுக்கும் அதில்தான் போயிருப்போம். விற்க மனம் வராது. கொண்டுபோகவும் வழி தெரியாது.

வாகனப் பதிவுக்கும் பெயர் மாற்றத்துக்கும் படிவங்கள் நிரப்பித் தருவது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதைச் செய்துவருகிறேன். வீடு வில்லியனூர் கொம்யூனில் உள்ள சுல்தான்பேட்டையில். இந்தக் கட்டுரைக்குக் காரணமான செய்தி என் மேசைக்குத் தொழில்வழியாக வரவில்லை. என் தங்கையின் வீட்டிலிருந்து வந்தது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, யாருடைய பெயரையும் சொல்லாமல் எழுதுகிறேன். வெளிநாடு செல்லும் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய இருப்பதால் சிலருக்கேனும் இது பயன்படலாம்.

எங்கள் பகுதிக்கும் பிரான்சுக்கும் உள்ள தொடர்பு வாசகர்கள் அறிந்ததுதான். 1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனால் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஆறு மாதங்களுக்குள், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்புவோர் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று வாய்ப்பளிக்கப்பட்டது. நகரத்தில் வாழ்ந்தவர்களைப் போலவே கிராமக் கொம்யூன்களிலும் சிலர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு தாளின் விளைவு மூன்றாம் தலைமுறைக்கும் தொடர்கிறது. என் தங்கையின் மாமனார் அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர். அதனால் வில்லியனூரில் பிறந்து, வில்லியனூரிலேயே படித்து, பாகூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துவந்த என் மருமகனும் பிரெஞ்சுக் குடிமகன்தான்.

மருமகனின் தகப்பனார் மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்துவிட்டார். அவருக்கு அண்ணன் ஒருவர், மருமகனுக்குப் பெரியத்தா. பாரிஸ் புறநகரில், சார்செல் பக்கம் வசிக்கிறார். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் குடியேறிய இடம் அது. சென்ற ஆண்டு மருமகன் மனைவியோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் அங்கே குடியேற முடிவு செய்தபோது, முதல் மூன்று மாதங்களுக்குத் தம் வீட்டில் ஓர் அறை தருவதாகப் பெரியத்தா சொல்லியிருந்தார். வேலை கிடைக்காத முதல் மாதங்களில் பாரிஸ் போன்ற இடத்தில் வாடகையில்லாத ஓர் அறை என்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மருமகனிடம் இருந்த சொத்து என்று சொன்னால் ஒரு ஸ்ப்ளெண்டர் மோட்டார் சைக்கிள்தான். ஆறு ஆண்டுகள் சுல்தான்பேட்டைக்கும் பாகூருக்கும் இடையே அவரைச் சுமந்த வண்டி. பாகூர் ஏரிக்கரைக் காற்றும் மழைக்காலச் சேறும் அதற்குப் பழக்கம். "மாமா, இதைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோக முடியுமா?" என்று அவர் கேட்டபோது தங்கை சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. முடியுமா, முடியாதா என்று சட்டம் என்ன சொல்கிறது எனப் பார்த்தோம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க விலக்குகளைத் தொகுத்துச் சொல்லும் விதி 2009ஆம் ஆண்டில் வந்தது. அதன் எண் 1186. ஒன்றியத்துக்கு வெளியே வாழ்ந்தவர் தம் குடியிருப்பை உள்ளே மாற்றிக்கொண்டால், அவருடைய வீட்டுப் பொருள்களைத் தீர்வையின்றிக் கொண்டுவர அது அனுமதிக்கிறது. சைக்கிள், மோட்டார் சைக்கிள், சொந்தக் கார் ஆகியவையும் அந்த வீட்டுப் பொருள்களில் அடங்கும். நிபந்தனைகள் நான்கு. தொடர்ச்சியாக 12 மாதங்களாவது வெளியே வசித்திருக்க வேண்டும். அந்தப் பொருள் குறைந்தது 6 மாதங்களாகத் தம் உடைமையாக இருந்து, பழைய இருப்பிடத்தில் தாமே பயன்படுத்தியதாக இருக்க வேண்டும். குடியேறிய 12 மாதங்களுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். வந்தபின் 12 மாதங்கள் வரை அதை விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ, பிறருக்கு மாற்றிக் கொடுக்கவோ கூடாது. அப்படிச் செய்யும் தேவை வந்தால் முன்கூட்டியே சுங்கத்துக்குத் தெரிவித்து, உரிய தீர்வையைச் செலுத்த வேண்டும். வாகனம் சுங்கத்தைக் கடந்த பின் 846 அ என்னும் எண்ணுள்ள சான்றிதழைப் பிரெஞ்சுச் சுங்கத்துறை தரும். அதைக் காட்டித்தான் அங்கே வண்டியைப் பதிவு செய்ய முடியும்.

இந்த நிபந்தனைகளில் என் கவனத்தை ஈர்த்த ஒன்று உண்டு. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அவை கேட்கவில்லை. எங்கே வாழ்ந்தீர்கள், இந்தப் பொருள் உண்மையில் உங்களுடையதா, இதைப் பயன்படுத்தினீர்களா, தொடர்ந்து நீங்களே வைத்திருப்பீர்களா என்றுதான் கேட்கின்றன. பிரித்தானியாவின் விதியும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறது: 12 மாதங்கள் வெளியே வசித்திருக்க வேண்டும், 6 மாதங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும், வந்தபின் 12 மாதங்கள் கைமாற்றக் கூடாது. குடும்பம் பெயர்ந்து வரும்போது அது ஏற்கெனவே புழங்கிய பொருளுக்கு மறுபடி வரி கேட்பது முறையல்ல என்பது இந்தச் சலுகையின் அடிப்படை. ஆகவே இது குடும்பத்துக்குத் தரப்பட்டது. வணிகத்துக்குத் தரப்படவில்லை.

ஸ்ப்ளெண்டருக்கு எல்லா நிபந்தனைகளும் பொருந்தின. ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. மரச்சட்டத்தில் கட்டிச் சென்னைத் துறைமுகத்திலிருந்து அனுப்புவதற்குக் கப்பல் முகவர் சொன்ன தொகை, வண்டியின் விலையைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற வகையைச் சேராத வண்டி அது என்பதால், அங்கே போனபின் தனித்து ஆய்வு செய்து ஒப்புதல் பெற வேண்டும், அதற்கும் செலவு. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரான நிசான் மைக்ரா கார்கள் 2010 முதல் எண்ணூர்த் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. தமிழ்நாட்டில் செய்த வண்டி ஐரோப்பியச் சாலையில் ஓடுவது புதிதல்ல. அவை அந்தச் சாலைகளுக்கென்றே, அந்த விதிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டவை. பாகூர்ச் சாலைக்கென்று வாங்கிய வண்டி அப்படியல்ல. மருமகன் ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு, "விற்றுவிடலாம் மாமா" என்றார்.

அந்த வாரத்தில்தான் பெரியத்தாவின் அழைப்பு வந்தது.

அவருக்கு அங்கே நண்பர் ஒருவர். பழைய புல்லட் ஒன்றின் மீது நீண்ட நாள் ஆசை. புதுச்சேரியில் ஒரு கொட்டகையில் நின்ற வண்டியை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிவிட்டார். பிரெஞ்சுக்காரர்களுக்குப் புல்லட் மீதுள்ள ஆசையைப் புதுச்சேரியில் வாழ்கிறவர்களுக்கு விளக்க வேண்டாம். அந்தப் புல்லட்டை மருமகனின் வீட்டுப் பொருளாகப் பட்டியலில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்பது பெரியத்தாவின் கோரிக்கை. கப்பல் செலவு நண்பருடையது; மருமகனுக்கு 30,000 ரூபாய் தருவார். அங்கே சேர்ந்ததும் வண்டி நண்பரின் கொட்டகைக்குப் போய்விடும். ஓராண்டு கழித்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாத நிபந்தனையைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னார்: "ஏழு மாதத்துக்கு முன்பே வாங்கியதாக ஒரு விற்பனைச் சீட்டு எழுதினால் போயிற்று. உன் மாமாதான் இருக்கிறாரே, எழுதித் தர."

அதுவரை குடும்பத்தில் ஆலோசனை சொல்பவனாக மட்டுமே இருந்த நான், அந்தச் சொல்லோடு காரியத்தில் பங்காளியானேன். கேட்கப்பட்டது என் பேனா.

பெரியத்தாவைத் தீயவராக யாரும் எண்ணிவிட வேண்டாம். தம்பி மறைந்த பின் அந்தக் குடும்பத்துக்குத் தவறாமல் பணம் அனுப்பியவர். தொழுகையில் பிசகாதவர். இதை அவர் ஒரு சிறு உதவியாக மட்டுமே கருதினார். நம்மில் பலர் இப்படித்தான் கருதுகிறோம். உடன்பிறந்தவர்களின் சொத்தில் ஒரு சாண் நிலம் கூடுதலாக வந்தால் தூக்கம் வராத மனிதர்கள்கூட, சுங்கச் சாவடியில் சொல்லும் வார்த்தையை வார்த்தையாகவே எண்ணுவதில்லை.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு தங்கையின் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். தங்கைக்கு அச்சம். "அறை போய்விட்டால் பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கே நிற்பார்கள்?" என்று கேட்டார். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். உறவினர் ஒருவர், "யாருடைய பணத்தையும் எடுக்கவில்லையே? அரசாங்கத்துக்குப் போக வேண்டியது போகவில்லை, அவ்வளவுதானே? அதுவும் அந்நிய நாட்டு அரசாங்கம்" என்றார்.

நான் ஒரு தாளை எடுத்துக் கணக்கை எழுதிக் காட்டினேன். புல்லட் போன்ற 350 சிசி மோட்டார் சைக்கிளுக்கு ஐரோப்பியத் தீர்வை 6 விழுக்காடு; 2 லட்சத்துக்கு 12,000 ரூபாய். அந்தக் கூட்டுத்தொகை மீது பிரான்சின் மதிப்புக்கூட்டு வரி 20 விழுக்காடு, 42,400 ரூபாய். ஆக 54,400. கப்பல் கட்டணமும் மதிப்பில் சேரும் என்பதால் உண்மையில் இன்னும் கூடும். அந்த 54,400 ரூபாயில்தான் மருமகனுக்கு 30,000. மீதி 24,400 நண்பருக்கு மிச்சம். "இந்த முப்பதாயிரம் நண்பரின் பையிலிருந்து வருகிறதா, அந்த ஊர்ப் பொதுக்கருவூலத்திலிருந்து வருகிறதா, நீங்களே சொல்லுங்கள்" என்றேன். நாளை இதே குழந்தை அந்த ஊர்ப் பொதுப்பள்ளியில் படிக்கப் போகிறது; அந்த ஊர் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போகிறது. அவற்றை நடத்தும் பணத்திலிருந்து எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குள் முதல் அடி வைப்பதா?

அந்நிய நாடு என்ற வாதத்துக்கும் மார்க்கத்தில் இடமில்லை. ஒரு நாட்டுக்குள் நுழைபவர் அந்நாட்டோடு ஓர் உடன்பாட்டின் பேரில்தான் நுழைகிறார். ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடுதான் குர்ஆனின் மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது. எதிர்த்தரப்பார் எந்த மதத்தார், எந்த நாட்டார் என்று பார்த்து அந்தக் கடமை கூடுவதும் குறைவதும் இல்லை. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நேர்மையோடு எழுத வேண்டும் என்பதைப் பற்றியது. படிவம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த பகரா அத்தியாய வசனத்தைக் கேட்கும்போதெல்லாம் என் கைவிரல்கள் நினைவுக்கு வரும்.

பொய்யான இருப்பிடமும் பொய்யான உடைமையும் என்ன செய்யும் என்பதைப் புதுச்சேரிக்காரர்களாகிய நாம் அருகிலிருந்து பார்த்திருக்கிறோம். நம் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் எங்கே வசிக்கிறாரோ அல்லது தொழில் நடத்துகிறாரோ, வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அங்கேதான் அதைப் பதிவு செய்ய வேண்டும். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கேரளத்தில் விலையுயர்ந்த கார்களுக்கு விலையில் 20 விழுக்காடு வரை வரி இருந்தது. புதுச்சேரியிலோ மிகக் குறைவு. அதனால் இங்கே ஒரு நாளும் வாழாதவர்களின் கார்கள் இங்குள்ள முகவரிகளில் பதிவாயின. 2017இல் கேரளக் காவல்துறை வழக்குகள் தொடுத்தபோது, திரைத்துறையினரும் பொதுவாழ்வில் இருப்பவர்களும் அதில் சிக்கிய செய்தியை நாடே படித்தது. அந்தக் காலத்தில் என்னிடமும் ஒருவர் வந்தார். என் வீட்டு முகவரியில் ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதித் தந்தால் போதும், வண்டி ஊர்ப்பக்கமே வராது என்றார். என் வீட்டில் குடியிருப்பவர்களை எனக்குத் தெரியும், உங்களைத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வாடகைக்கு விட்ட முகவரியை எந்தக் காவலர் தேடி வந்தாலும், அவர் தட்டுவது அந்த முகவரியில் உண்மையாகக் குடியிருப்பவரின் கதவைத்தான்.

இந்தக் கணக்குகளும் வழக்குகளும் ஒருபுறம் இருக்க, அன்றிரவு எங்கள் பேச்சை முடித்து வைத்தது வேறொரு செய்தி. வாகனமும் புலம்பெயர்தலும் ஒன்றாக வரும் செய்தி அது. ஹிஜ்ரத்துக்கு அனுமதி கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் தீனி போட்டு ஆயத்தமாக வைத்திருந்தார்கள். அனுமதி வந்த நாளில் அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார்கள். நபியவர்கள் விலைக்குத்தான் ஏற்றுக்கொண்டார்கள். ஸஹீஹுல் புகாரீயில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. கொடுத்தவர் உற்ற தோழர். அன்பாகத் தந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. உயிருக்கு ஆபத்தான வேளை வேறு. அந்த வேளையிலும், தாம் புலம்பெயர்ந்து செல்லும் வாகனம் விலை கொடுத்துத் தமக்கு உரிமையாக்கிக்கொண்டதாக இருக்க வேண்டும் என்று நபியவர்கள் விரும்பினார்கள். அறிஞர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தருகிறார்கள். எனக்கு விளங்கியது எளிது: ஊர்விட்டு ஊர் போகிறவன் ஏறிச் செல்லும் வாகனம் அவனுடையதாக இருக்க வேண்டும்.

அதே புகாரீ தொகுப்பின் முதல் நபிமொழி எண்ணத்தைப் பற்றியது. நிய்யத்தைப் பற்றிய அந்த நபிமொழியை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அதில் நபியவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறியது புலம்பெயர்தலைத்தான் என்பதை மட்டும் நாம் சற்று மறந்துவிடுகிறோம். ஒரே பாதையில், ஒரே நாளில் இருவர் பயணம் போகலாம். எதற்காகப் போனார்களோ அதுவே அவரவர்க்குக் கிடைக்கும்.

மறுநாள் பெரியத்தாவிடம் நான் பேசுவதாகச் சொன்னேன். மருமகன் மறுத்துவிட்டார். "அறை எனக்குத் தருவதாகச் சொன்னது, சொல்ல வேண்டியதும் நான்தான்" என்றார். அழைத்துப் பேசினார். புல்லட்டை முறையாகத் தீர்வை கட்டி அனுப்புவதானால் துறைமுகம் வரை தாமே உடனிருந்து உதவுவதாகவும், தம் பொருளாகக் காட்ட இயலாது என்றும் சொன்னார். குரலில் மரியாதை குறையவில்லை. பெரியத்தா நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நீ வளர்ந்துவிட்டாய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பதினைந்து நாள்கள் அங்கிருந்து செய்தி இல்லை. அதன்பின் வந்த செய்தியில், வீட்டில் வேறு விருந்தினர் வருவதால் அறை தர இயலாது என்று இருந்தது. தங்கை அழுதார். அந்த அழுகைக்கு முன்னால் நான் சொன்ன வசனங்களும் கணக்குகளும் மிகச் சிறியவையாகத் தெரிந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. நேர்மைக்கு உடனே பரிசு கிடைத்துவிடும் என்று மேடையில் பேசுவது எளிது. சில வேளைகளில் முதலில் கிடைப்பது இழப்புதான்.

ஸ்ப்ளெண்டர் 28,000 ரூபாய்க்குப் போயிற்று. மருமகளின் வளையல் இரண்டை விற்றார்கள். வட்டிக்கு அடகு வைக்க அவர் இணங்கவில்லை. மருமகனோடு படித்த ஒருவர் அங்கே இருந்தார். அவர் மூலம் ஒரு சிறிய அறை வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு மாத வாடகையோடு மூவரும் போய்ச் சேர்ந்தார்கள். மூன்றாம் மாதம் அல்லாஹ்வின் அருளால் மருந்துக் கிடங்கு ஒன்றில் வேலை கிடைத்தது. பெரியத்தாவோடு பேச்சு நின்றுவிடவில்லை. பெருநாள் அன்று மருமகன் குடும்பத்தோடு போய் ஸலாம் சொன்னார். அவரும் குழந்தையின் கையில் பணம் வைத்தார். ஆனாலும் மனத்தாங்கல் முழுதும் தீர்ந்ததாகச் சொல்ல மாட்டேன். அது தீர வேண்டும் என்று நாங்கள் துஆ செய்கிறோம், வாசகர்களும் செய்யுங்கள்.

இதைக் கேள்விப்பட்ட பாகூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, எதிர்த்திசைக் கேள்வியோடு என்னிடம் வந்தது. பிரான்சில் ஓய்வு பெற்று ஊர் திரும்பும் பெரியவர் தம் காரைக் கொண்டுவரலாமா என்பது கேள்வி. இங்கே நிலைமை வேறு. நம் நாட்டின் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், பயணியின் உடைமை என்பதற்கு விளக்கம் தரும்போதே மோட்டார் வாகனங்களை விலக்கிவிடுகிறது. ஆகவே காரை வீட்டுச் சாமான்களோடு சேர்த்துக் கொண்டுவர முடியாது. பயன்படுத்திய காரை இறக்குமதி செய்வதானால், அது தயாரிக்கப்பட்டு மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். முகப்பு விளக்கு இடப்புறம் செல்லும் சாலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாகவே வர வேண்டும். இவ்வளவையும் தாண்டினாலும் வண்டியின் மதிப்பைக் காட்டிலும் வரி அதிகம். பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் சாலையின் வலப்புறம் ஓட்டுகிறார்கள். அங்குள்ள வண்டிகளில் ஸ்டீயரிங் இடப்பக்கம். எனவே அந்நாடுகளிலிருந்து திரும்புவோருக்கு இந்தக் கதவு தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது. அங்கேயே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் இங்கே ஒரு வண்டி வாங்குவதே அறிவுடைமை என்று அந்தக் குடும்பத்தாரிடம் சொன்னேன். "வேறு வழியாகக் கொண்டுவந்து தருகிறோம்" என்று யாரேனும் சொன்னால் விலகிப் போங்கள் என்றும் சொன்னேன். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் நடத்திய சோதனைகள், பூட்டான் வழியாகக் கொண்டுவந்ததாக ஐயம் கொள்ளப்பட்ட கார்களைத் தேடித்தான். வாங்கியவரின் வாசலில் வந்துதான் கேட்கிறார்கள்.

புறப்படும் குடும்பங்களுக்குத் தொழில்முறையில் ஒன்று சொல்ல வேண்டும். வண்டியைக் கொண்டுபோகாதவர்கள் அதை எப்படி விட்டுச் செல்கிறார்கள் என்பது, கொண்டுபோவதைவிடப் பெரிய கேள்வி. விமானம் ஏறும் அவசரத்தில் பணத்தை வாங்கிக்கொண்டு, சாவியையும் பதிவுச் சான்றையும் கொடுத்துவிட்டுப் போகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். "பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. பல கை மாறிப்போன வண்டி எங்கோ ஒருவரை மோதிவிட்டால், பொறுப்பு கடல் கடந்து இருப்பவரைத் தேடி வரும். அடிபட்ட ஏழைக்கோ, பதில் சொல்ல ஆளில்லாமல் வழக்கு இழுபடும். ஆகவே வங்கிக் கடன் இருந்தால் தீர்த்து, படிவம் 35இல் அடமானத்தை நீக்குங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, வாங்கியவரின் பெயர் ஏறிய பின்னரே புறப்படுங்கள். மருமகன் தம் பயணச் சீட்டைக்கூட ஸ்ப்ளெண்டரின் பெயர் மாற்றம் முடிந்த பின்தான் எடுத்தார். வண்டியின் பின்பிரேக் சரியாகப் பிடிக்காது என்பதையும் வாங்கியவரிடம் முன்பே சொல்லி, அதற்காக 500 ரூபாய் குறைத்துக்கொண்டார்.

நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது, தம்மிடம் மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதங்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். ஒப்படைத்தவர்களில் பலர் அவர்களை ஊரைவிட்டு விரட்டியவர்கள். அவர்களின் பொருளும் முறையாகத் திரும்பிப் போயிற்று. போகும் ஊரின் எல்லையில் உண்மை சொல்வதும், விட்டுப் போகும் ஊரில் கணக்குத் தீர்ப்பதும் ஒரே பயணத்தின் இரு முனைகள். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வாகனம்.

பிழைப்பைத் தேடிக் கடல் கடக்கும் நம் பிள்ளைகளின் பயணத்தை அல்லாஹ் எளிதாக்குவானாக. அவர்களின் உழைப்பில் பரகத் செய்வானாக. உறவுகளில் ஏற்பட்ட கசப்புகளை நீக்கி, எழுதும் கைகளையும் கையெழுத்திடும் கைகளையும் நேர்மையில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.